எண்டர்பிரைஸ் கப்பலின் முதலாண்டு

கதை கேட்பதில் மனிதனுக்குள்ள விருப்பம் மிகவும் தொன்மையானது. தான் கண்டிராத தேசங்களையும் தான் பழகியிராத ஜனங்களையும் பற்றிக் கேட்குங்கால் அவ்விருப்பம் இருமடங்காகின்றது. கடலோடிகள் கரை திரும்பிக் கூறிய செய்திகளை ஊரார் கூடியிருந்து வியப்புடன் கேட்ட காலம் ஒன்றிருந்தது. பூமியின் தேசங்கள் யாவும் படத்திற் குறிக்கப்பட்டு முடிந்த பின்னர், அக்கதைகள் விண்ணை நாடிச் சென்றன. இவ்வகைக் கதைகளுள் ஒன்று, அமெரிக்க நாட்டில் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ஆந் தேதி தொடங்கி, அடுத்த ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆந் தேதி முடிய, 29 பாகங்களாக ஒளிபரப்பப்பட்ட 'ஸ்டார் டிரெக்' என்னும் தொலைக்காட்சித் தொடரின் முதற் பருவமாம். அதனைப் பற்றி எமக்குத் தோன்றிய சிலவற்றைக் கூறுதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

இத்தகைய பொழுதுபோக்கைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அட்டையாலும் சாந்தாலும் செய்த பாறைகளும், இறப்பர்த் தோல் போர்த்த மிருகங்களும், வர்ணச் சட்டையணிந்த மாலுமிகளும் சிறுவர்க்கன்றிப் பெரியோர்க்கு என்ன பயன் தரும் என்பது அவர்கள் கட்சி. பாறைகள் அட்டையே என்பதை யாம் மறுக்கவில்லை. இத்தொடரில் மாலுமிகள் ஒளித்தூண்களாய்க் கரைந்து, கிரகத்தின் தரையில் மீண்டும் உருக்கொண்டு நிற்கும் விந்தையான உபாயங்கூட விஞ்ஞானத்தாற் பிறந்ததன்று. ஒவ்வொரு வாரமும் பெருங் கப்பலைத் தரையிறக்கிக் காட்டுதற்குப் பணம் போதாமையாற் பிறந்தது. ஆயினும், ஒரு கதையை அதன் திரைச்சீலையைக் கொண்டு மதிப்பிடுவது நியாயமாகாது. அஃது எந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கின்றது, அக்கேள்விக்கு விடை கூறுமிடத்து நேர்மையுடன் நடந்துகொள்ளுகின்றதா என்பவற்றையே நாம் நோக்கவேண்டும். அவ்வாறு நோக்குமிடத்து, இம்முதற் பருவம் ஒரே கேள்வியைப் பல முறை கேட்டு, கேட்குந்தோறும் முன்னினும் சிறந்த விடையை நாடியது என்பது எம் துணிபு. அக்கேள்வி யாதெனில், நாம் அறியாத ஒன்று நம்மைத் தாக்கும்பொழுது நாம் செய்யவேண்டுவது என்ன என்பதே.

தொடரின் பிறப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். இதனை உண்டாக்கியவர் ஜீன் ராடன்பெரி என்பவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் குண்டு வீசும் விமானத்தைச் செலுத்தியவர். பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் போலீஸ் உத்தியோகம் பார்த்து, அதன்பின் கதை எழுதப் புகுந்தவர். அவர் முதலில் எடுத்துக் காட்டிய மாதிரிப் படத்தை என்.பி.சி. என்னும் ஒளிபரப்பு ஸ்தாபனத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும், வழக்கத்திற்கு மாறாக, இரண்டாவது மாதிரி ஒன்றை எடுக்குமாறு அவர்களே கேட்டனர். அதிலேதான் வில்லியம் ஷாட்னர் நடித்த கர்க் என்னும் தளபதி தோன்றினார். தள்ளப்பட்ட முதற் படமும் வீண்போகவில்லை. அதன் காட்சிகளை உள்ளே வைத்துப் புனைந்த இரண்டு பாகக் கதை 1966 நவம்பரில் ஒளிபரப்பாகி, விஞ்ஞானக் கதைகளுக்கு அளிக்கப்படும் ஹியூகோ பரிசைப் பெற்றது.

கதை நிகழ்வது எண்டர்பிரைஸ் என்னும் விண்கப்பலில். அதில் 400-க்கு மேற்பட்டோர் பிரயாணஞ் செய்கின்றனர். தளபதி கர்க்கிற்கு இருபுறத்தும் இருவர் உளர். ஒருவர் ஸ்பாக், வல்கன் என்னும் அயற்கிரகத்துத் தந்தைக்கும் பூமியைச் சேர்ந்த தாய்க்கும் பிறந்தவர், உணர்ச்சியை அடக்கி அறிவொன்றையே துணைக்கொள்ள முயல்பவர். மற்றவர் மெக்காய் என்னும் வைத்தியர். கருணையும் முன்கோபமும் ஒருங்கே வாய்ந்தவர். இவ்விருவரும் ஓயாது வாதிடுவர். கர்க் இருவர் சொல்லையும் கேட்டு முடிவு செய்வார். நாடகத்திற்கு இஃது எளிய அமைப்பேயாயினும், ஒரு மனத்தினுள் நிகழும் போராட்டத்தை மூன்று உருவங்களாக வெளியே நிறுத்திக் காட்டுதற்கு மிகவும் ஏற்றதாயிருக்கின்றது.

கப்பலில் உள்ள ஏனையோரையும் குறிப்பிடுதல் வேண்டும். செய்தித் தொடர்பை நடத்தும் உஹூரா என்னும் அதிகாரியாக நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. அவர் காலத்துத் திரைக்கதைகளில் அவ்வினப் பெண்கள் பெரும்பாலும் வேலைக்காரிகளாகவே தோன்றினர். முதற் பருவம் முடிந்ததும் அவர் நாடக மேடைக்குத் திரும்ப எண்ணியதாகவும், மார்ட்டின் லூதர் கிங் அவர்கள் தம்மைச் சந்தித்து, அவ்விடத்தை விட்டு நீங்கலாகாது என்று வற்புறுத்தியதாகவும் அவரே பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். கப்பலைச் செலுத்தும் சூலுவாக நடித்த ஜார்ஜ் டாக்கே, இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வமிசத்தார் என்ற ஒரே காரணத்திற்காக அமெரிக்க அரசாங்கத்தார் முள்வேலி முகாம்களில் அடைத்த குடும்பங்கள் ஒன்றிற் பிறந்த சிறுவர். முகாமில் வளர்ந்த அச்சிறுவர் இருபது ஆண்டு கழித்து அதே நாட்டாரின் வீடுதோறும், யாவராலும் நம்பப்படும் ஓர் அதிகாரியாக வாரந்தோறும் காட்சியளித்தார். இவற்றைக் குறித்துக் கதையில் எவரும் பிரசங்கம் செய்வதில்லை. அவர்கள் தத்தம் வேலையைச் செய்கின்றனர், அவ்வளவே. அதுவே அதன் சிறப்பு.

இனி நம் கேள்விக்கு வருவோம். முதன்முதல் ஒளிபரப்பான பாகத்தில், ஒரு பாழடைந்த கிரகத்தில் தன் இனத்தில் எஞ்சிய ஒரே பிராணி வாழ்கின்றது. உயிர் வாழ்வதற்கு அதற்கு உப்பு வேண்டும். அங்கு வாழும் ஆராய்ச்சியாளரிடமுள்ள உப்பு குறைந்துவிடவே, மாலுமிகளின் உடம்பிலுள்ள உப்பை உறிஞ்சி அவர்களைக் கொல்லுகின்றது. அது விரும்பிய வடிவம் எடுக்கவல்லது. மெக்காயின் பழைய காதலியின் வடிவில் வந்து நிற்கின்றது. முடிவில் அவரே அதனைச் சுட்டுக் கொல்லுகின்றார். கூட்டங் கூட்டமாய்த் திரிந்து வேட்டையால் அருகிப்போன அமெரிக்கக் காட்டெருமைகளை நினைத்துக்கொண்டு கர்க் வருத்தத்துடன் வீற்றிருக்க, கதை முடிகின்றது. ஓர் இனம் பூண்டற்றுப் போயிற்று. கொன்றவர்க்கு வருத்தமும் உண்டாயிற்று. ஆனால் அவ்வுயிருடன் பேசிப் பார்க்கக் கப்பலிலிருந்து ஒருவரும் முயலவில்லை. கொஞ்சம் உப்பைக் கொடுத்து அதனிடம் உடன்பாடு செய்துகொண்டால் என்ன என்ற எண்ணம் பார்ப்பவர்க்குத் தோன்றுகின்றது, வீரர்க்கோ தோன்றவில்லை.

இதிலிருந்து ஆறு மாதத் தொலைவில், 1967 மார்ச்சு 9-ஆந் தேதி ஒளிபரப்பான கதையைப் பாருங்கள். ஒரு கிரகத்தின் ஆழ்ந்த சுரங்கத்தில் ஏதோ ஒரு பூதம் பாறையை நீரெனத் துளைத்து வந்து, ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொன்றுவிட்டது. கர்க் அதனைக் கொல்லும்படி உத்தரவிடுகின்றார். உயிருடன் பிடிக்கலாமே என்று ஸ்பாக் மெல்லக் கூறுகின்றார், கர்க் இணங்கவில்லை. பின்னர்ச் சுரங்கத்தின் ஒரு மூலையில் அப்பிராணியும் கர்க்கும் தனித்து எதிர்ப்படுகின்றனர். நண்பனுக்கு நேர்ந்த ஆபத்தை அறிந்த ஸ்பாக், உடனே கொன்றுவிடுமாறு தூரத்திலிருந்து துடிக்கின்றார். ஆயுதம் தாங்கிய கர்க்கோ சுடவில்லை. அது தம்மை நோக்கிப் பாயாமல் நிற்பதை அவர் கண்டுவிட்டார். கண்ணெதிரே நிற்கும் உயிரைக் கூர்ந்து நோக்கியதே அவர் மனம் மாறக் காரணம். இருவர் கட்சியும் இடம் மாறிய இக்காட்சி, நாடகப் புலமையின் நல்ல உதாரணமாகும்.

ஸ்பாக் தம் மனத்தை அதன் மனத்தோடு பொருத்திப் பார்க்கின்றார். தாங்க முடியாத வேதனையைத் தவிர முதலில் வேறொன்றும் அறியக் கூடவில்லை. அப்பிராணியோ பாறையின்மேல் எழுத்துக்களைப் பொறித்துக் காட்டுகின்றது. அவ்வாசகம் என்னைக் கொல்லாதே என்றும், நான் கொல்லேன் என்றும் இருபொருள்படுவது. பின்னரே உண்மை வெளியாகின்றது. சுரங்கத் தொழிலாளர் பயனற்ற உருண்டைக் கற்கள் என்று உடைத்தெறிந்தவை அதன் முட்டைகள். அது தன் இனத்தின் கடைசித் தாய்; குஞ்சுகளைக் காக்கவே கொலை செய்தது. காயமுற்ற அத்தாய்க்கு, தாம் வைத்தியனேயன்றிக் கொத்தனல்லன் என்று முணுமுணுத்துக்கொண்டே மெக்காய் காரைச்சாந்து பூசிச் சிகிச்சை செய்கின்றார். தடியுங் கையுமாய் ஓடி வந்த தொழிலாளர், தாங்கள் அழித்தவை இன்னவை என்றறிந்ததும் வாயடைத்து நிற்கின்றனர்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தொழிலாளரைக் கதாசிரியர் கொடியவராகக் காட்டவில்லை. அவர்களுடைய தோழர் ஐம்பதின்மர் மாண்டது உண்மை. அவர்களுடைய துயரம் நியாயமானது. தாயின் சீற்றமும் நியாயமானது. இரு திறத்தாரும் குற்றமற்றவராயிருக்க, அறியாமை ஒன்றே இத்தனை உயிரைக் குடித்தது. பொல்லாதவனை நல்லவன் வெல்லுங் கதைகள் எண்ணிறந்தன. பொல்லாதவர் எவருமின்றியும் இரத்தஞ் சிந்தப்படும் என்பதை ஐம்பது நிமிஷத்தில் விளங்கவைக்கும் கதைகள் மிகச் சில.

இவ்விரு கதைகளுக்கும் இடையிலே படிகள் சில இருக்கின்றன. நவம்பரில் வந்த ஒரு கதையில், அச்சுறுத்திய எதிரி தானே ஆபத்திற் சிக்கியதாகத் தோன்றியவுடன், கர்க் தப்பி ஓடாமல் உதவி செய்யச் செல்லுகின்றார். டிசம்பரில் வந்த வேறொன்றில், ரோமுலர் என்னும் பகைவர் முகத்தோற்றத்தில் ஸ்பாக்கை ஒத்திருப்பது தெரியவருகின்றது. உடனே ஸ்டைல்ஸ் என்னும் மாலுமி ஸ்பாக்கைத் துரோகியென ஐயுறுகின்றான். முந்திய யுத்தத்தில் மாண்ட தன் குடும்பத்தாரின் நினைவே அவன் கண்ணை மறைக்கின்றது. இறுதியில் அவனுயிரைக் காப்பவர் அந்த ஸ்பாக்கே. 1967 ஜனவரியில் வந்த கதையில், பல்லி வடிவமுள்ள கார்ன் இனத்தார் ஒரு குடியேற்றத்தை அழித்துவிட, கர்க் பழிவாங்கத் துரத்துகின்றார். எதிரியைக் கீழே வீழ்த்திக் கத்தியை ஓங்கிய பின்னர், அவர்கள் தங்கள் நாட்டின்மீது படையெடுப்பு நேர்ந்ததாகவே எண்ணிப் போரிட்டிருக்கலாம் என்று நினைத்துக் கையை மடக்கிக்கொள்ளுகின்றார். கதைகள் படமாக்கப்பட்ட வரிசையும் ஒளிபரப்பான வரிசையும் ஒன்றல்ல என்பதை யாம் அறிவோம். ஆனால் பருவத்தின் நடுவே ஜீன் கூன் என்னும் எழுத்தாளர் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார் என்பதும், கார்னின் கதையையும் சுரங்கத் தாயின் கதையையும் திரைக்கு எழுதியவர் அவரே என்பதும் கருதத்தக்கவை.

மார்ச்சு மாதம் 23-ஆந் தேதி வந்த கதையும் அவரே எழுதியது. கிளிங்கான் என்னும் பகைவருக்கும் கர்க்கின் கூட்டரசுக்கும் யுத்தம் மூளவிருக்கும் தறுவாயில், எளியவராய்த் தோன்றிய ஒரு கிரகத்து ஜனங்கள் இருவருடைய ஆயுதங்களையும் செயலற்றவையாக்கிச் சண்டையை நிறுத்திவிடுகின்றனர். தளபதிகள் இருவரும் வெகுண்டு, எங்கள் சண்டையைத் தடுக்க நீங்கள் யார் என்று ஒரே குரலிற் கேட்கின்றனர். சமாதானத்திற்காக வந்த தாம் போர் செய்யும் உரிமைக்காக வாதாடியதை உணர்ந்து கர்க் பின்னர் நாணுகின்றார். வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்க இளைஞர் மாண்டுகொண்டிருந்த ஆண்டில், அந்நாட்டு மக்களின் மாலைப் பொழுதுபோக்கில் ஒரு வீரன் இவ்வாறு வெட்கித் தலைகுனிந்தான். இதனைச் சிறிய காரியமென்று யாம் கருதமாட்டோம்.

பெப்ருவரி 23-ஆந் தேதிக் கதை நம் காலத்திற்கு இன்னும் அண்மையது. இரண்டு கிரகங்கள் 500 ஆண்டுகளாகப் போரிடுகின்றன. ஆனால் குண்டு ஒன்றும் வெடிப்பதில்லை. கணிப்பொறிகள் தாக்குதலைக் கணக்கிட்டு, மாண்டவர் இன்னார் என்று அறிவிக்கும். அவ்வாறு குறிக்கப்பட்டோர் தாமே நடந்து சென்று அழிக்குங் கூடத்தில் நுழைந்து மறைவர். வீடுகள் இடிவதில்லை, கலைகள் அழிவதில்லை, ஆகவே போரை நிறுத்துதற்கு அவசரமும் இல்லை. கர்க் அக்கணிப்பொறிகளைத் தகர்த்துப் போரின் கோரத்தை அவர்களுக்கு மீண்டும் கொடுத்துவிடுகின்றார். ஒரு நாட்டின் விதியை அயலான் ஒருவன் இவ்வாறு பணயம் வைக்கலாமா என்பது வாதத்திற்குரியதே. அவர் செய்கையை முற்றும் ஒப்ப எம்மால் இயலவில்லை. ஆயினும் நோயை அவர் சரியாகக் கண்டார். ஆளில்லா விமானங்களைப் பல்லாயிரம் மைல் தூரத்திலிருந்து திரையைப் பார்த்துச் செலுத்தும் இந்நாளில், கொல்பவனுடைய அறை சுத்தமாயிருக்கின்றது என்பதால் கொலை சுத்தமாகிவிடாது என்பதை நாம் மறவாதிருத்தல் நன்று.

இனி, யாவராலும் புகழப்படும் ஏப்ரல் 6-ஆந் தேதிக் கதையைப் பற்றி எமக்குள்ள ஓர் ஐயத்தைக் கூறவேண்டும். கர்க்கும் ஸ்பாக்கும் காலத்தைக் கடந்து 1930-ஆம் ஆண்டின் நியூயார்க் நகரை அடைகின்றனர். வேலையின்றி வாடும் ஏழைகளுக்கு உணவளித்து ஆதரிக்கும் ஈடித் கீலர் என்னும் பெண்ணைக் கர்க் காதலிக்கின்றார். அவள் வீதி விபத்தில் இறக்கவேண்டும். அவள் பிழைத்தால் அவள் நடத்தும் சமாதான இயக்கம் அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதைத் தாமதப்படுத்தி, ஹிட்லரின் ஜெர்மனி வெற்றி பெறும் என்று ஸ்பாக் கண்டுபிடிக்கின்றார். அவளைக் காக்கப் பாய்ந்த மெக்காயைக் கர்க் தடுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் மடிகின்றாள். ஹார்லன் எல்லிசன் எழுதிய இக்கதை, அவர் மனம் நோகும்படி பலரால் திருத்தப்பட்டதாயினும், 1968-இல் ஹியூகோ பரிசு பெற்றது.

அவள் கொள்கை தவறென்று கதை கூறவில்லை. காலம் தவறென்றே கூறுகின்றது. ஈண்டுதான் எச்சரிக்கை வேண்டும். கர்க்கிற்கு எதிர்காலம் ஐயமறத் தெரியும். ஸ்பாக்கின் யந்திரம் அதனைக் காட்டிவிட்டது. நம்மில் எவர்க்கும் அத்தகைய யந்திரம் இல்லை. நற்காரியம் செய்ய முற்படுவோரிடம், உங்கள் எண்ணம் உயர்ந்ததுதான், ஆனால் காலம் வாய்க்கவில்லை என்று சொல்லி அடக்குபவர் எக்காலத்தும் உண்டு. அவர்களுக்கு இக்கதை ஆதாரமாகாது. எதிர்காலத்தை அறியாத நாம், வீதியில் விழப்போகும் ஒருவரைக் கண்டால் மெக்காயைப் போலப் பாயக் கடமைப்பட்டவர்களே. கர்க்கின் துயரத்தைக் கண்டு இரங்குவோம். அதனை வழிகாட்டியாகக் கொள்ளாதிருப்போம்.

குறைகளையும் மறைத்தல் தகாது. தள்ளப்பட்ட முதற் படத்தில் கப்பலின் இரண்டாம் அதிகாரி ஒரு பெண். தொடரிலோ அப்பதவி ஆணுக்குப் போய்விட்டது. பெண்கள் பலர் அஞ்சுவதற்கும் காதலிப்பதற்குமே வருகின்றனர். ஒரு கதையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசியில் பரிகாசமாக்கி முடித்திருப்பது மிகவும் வெறுக்கத்தக்கது. உஹூராவுக்கும் சூலுவுக்கும் இருக்கை கிடைத்தது. கதை கிடைத்தது மிகக் குறைவு. நமது தேசத்தாரைப் பற்றிய குறையும் ஒன்றுண்டு. 1967 பெப்ருவரி 16-ஆந் தேதிக் கதையில், கான் நூனியன் சிங் என்னும் மாவீரன் தோன்றுகின்றான். அவன் வட இந்தியாவைச் சேர்ந்தவன், சீக்கியனாயிருக்கலாம் என்று கப்பலிலுள்ளோர் ஊகிக்கின்றனர். நடித்தவரோ மெக்சிகோவிற் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். அவர் மேனிக்குக் கருநிறம் பூசியிருந்தனர். நடிப்பு மிகச் சிறந்ததே. ஆயினும், எல்லா இனத்தாரும் ஒன்றாய் வாழும் வருங்காலத்தைக் காட்ட வந்த கதை, ஓர் இந்தியனைக் காட்ட ஓர் இந்தியனைத் தேடவில்லை. அக்கதையில் 1990-களில் நிகழுமென்று கூறப்பட்ட பெரும் போர் நிகழாமற்போனது உலகத்தின் பாக்கியம்.

இக்குறைகள் யாவும் இருக்க, இத்தொடரை மாணவர் பார்க்கலாமா என்று எம்மைக் கேட்டால், பார்க்கலாம், ஆனால் பார்த்தபின் வாதிட வேண்டும் என்போம். மூன்று பருவங்களும் 79 பாகங்களுமாய் 1969-இல் நின்றுபோன இத்தொடர் பிற்காலத்தில் அடைந்த பெருங் கீர்த்தியை யாவரும் அறிவர். உஹூராவைக் கண்டு சிறுமியாயிருந்தபோதே ஊக்கங் கொண்ட மே ஜெமிசன், 1992-இல் விண்வெளி சென்ற முதற் கறுப்பினப் பெண்மணி ஆனார். இவ்வளவு பயன் விளைத்த கதையை வீண்பொழுது என்று தள்ளுதல் எளிதன்று.

எம் நண்பர்க்கு யாம் கூறும் யோசனை இதுவே. செப்டம்பரில் வந்த முதற் கதையையும் மார்ச்சில் வந்த சுரங்கக் கதையையும் அடுத்தடுத்த இரவுகளிற் பாருங்கள். இரண்டிலும் ஒரு பிராணி கொல்லுகின்றது. இரண்டிலும் அது தன் இனத்தின் கடைசி. ஒன்றில் கொன்றபின் வருந்தினார்கள். மற்றதில் கொல்லுமுன் கேட்டார்கள். கப்பல் ஒன்றே, தளபதி ஒருவரே, ஆயுதமும் ஒன்றே. ஆறு மாதத்தில் ஒரு கதைக் கூட்டம் இவ்வளவு கற்றுக்கொள்ளக்கூடுமானால், கற்பதற்கென்றே ஆண்டுகள் சிலவற்றை ஒதுக்கிக்கொண்டு இங்கு வந்திருக்கும் நாம், நமக்கு அந்நியராய்த் தோன்றுவோர்மீது சினங்கொள்ளுமுன் ஒரு வினாவேனும் கேட்கப் பழகாதிருத்தல் அழகன்று.